நீல விளக்கு எரிந்தால் யாரோ வந்திருக்கிறார்கள்

ஆரோக்கியசாமி சாரின் எண்ணிலிருந்து எனக்கு ஒருமுறைகூட அழைப்பு வந்ததில்லை. செய்திகள் வரும், தினமும் வரும். காது கேட்காதவர் யாரை அழைத்து என்ன பேச முடியும்? அதனால் போன மாதம் ஒரு காலையில், விழுப்புரத்தில் என் சமையலறையில் பால் காய்ந்துகொண்டிருந்தபோது போன் மணி அடித்து, அதில் அவர் பெயர் தெரிந்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அடுப்பை அணைத்தேன். பாத்திரத்தை மூடினேன். அதற்குப் பிறகுதான் எடுத்தேன். எடுக்காதவரை ஒன்றும் ஆகிவிடவில்லை என்று ஒரு நினைப்பு.

“கணக்கு டீச்சருங்களா?” என்றது ஓர் ஆண் குரல். “நான் சார் பக்கத்து வீட்டு முருகவேலு, ஆட்டோ ஓட்டுறேன். சார் மார்க்கெட்டாண்ட டீ குடிச்சிக்கினு இருந்தாரு டீச்சர். அப்படியே பெஞ்சுல சாஞ்சிட்டாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடினோம். உயிர் இல்லன்னு சொல்லிட்டாங்க. யாருக்குச் சொல்றதுன்னு தெரியல. போன்ல முதல்ல உங்க பேர்தான் இருந்துது.”

எங்கள் பள்ளியில் அவரிடம் படித்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். கூட வேலை பார்த்தவர்களும் படிப்பீர்கள். உங்களுக்கெல்லாம் அவர் டிராயிங் சார். திண்டிவனத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் வந்து போனவர். தோளில் ஜோல்னாப் பை, சட்டைக் கைமடிப்பில் எப்போதும் ஏதோ ஒரு நிறக் கறை. ஆனால் ஓய்வுபெற்ற பிறகு அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது உங்களில் அநேகருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதைச் சொல்லக்கூடிய ஆள் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம்.

ஒருநாள் என் வகுப்புக்கு அடுத்த அறையில் அவர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். மேசைமேல் ஒரு பழைய செருப்பை வைத்துவிட்டு அதை வரையச் சொல்லியிருந்தார். ஒரு மாணவி செருப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அழகாக ஒரு செருப்பை வரைந்து முடித்துவிட்டாள். “இது நல்லாருக்குது. ஆனா இது அந்தச் செருப்பு இல்ல” என்றார். “தெரிஞ்சத வரையாதம்மா. தெரியறத வரை.” வகுப்பு முழுக்கச் சிரித்தது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் கரும்பலகையில் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்த வாக்கியத்தை ஒருமுறை எனக்குள் சொல்லிப் பார்த்தேன்.

வேலையின் கடைசி ஆண்டுகளில் அவருக்குக் காது போக ஆரம்பித்தது. மெஷின் வைத்துப் பார்த்தார். இரைச்சல்தான் கூடியது, பேச்சு வரவில்லை. ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்வதற்கு யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரித்தால் அவரும் முகத்தைச் சிரிப்பாக வைத்துக்கொண்டு “என்னது?” என்று கேட்பார். “ஒன்னுமில்ல சார்” என்பார்கள். ஒருநாள் என்னிடம் சொன்னார். “டீச்சர், இந்த ரூம்ல நான் அதிகமா பாக்குற வார்த்தை எது தெரியுமா? ‘ஒன்னுமில்ல.’ உதடு குவியும், மூடும், தெறக்கும். தூரத்துல இருந்தே கண்டுபிடிச்சிடுவேன்.”

என்னோடு மட்டும் அவர் பேச்சு நிற்கவில்லை. அதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. கடைசி பெஞ்சு வரை கேட்கவேண்டும் என்று வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகப் பேசிப் பேசி எனக்கு அது பழக்கமாகியிருந்தது. என் உதட்டை அவரால் படிக்க முடிந்தது. அவ்வளவுதான். நான் பேசும்போது அவர் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். முடிக்கும்வரை பார்ப்பார். முடித்த பிறகும் ஒரு கணம், இன்னும் ஏதாவது வருமோ என்று பார்ப்பார்.

நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் ஓய்வுபெற்றோம். அதற்குள் என் கணவர் போய்விட்டிருந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சாருக்கு ஒரே மகன், அந்தோணி. மஸ்கட்டில் குடும்பத்தோடு இருக்கிறான். திண்டிவனம் வீட்டில் சாரும் அவர் மனைவி பிலோமினாவும் மட்டும். பிலோமினா அக்கா தையல்காரர். முகையூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சீருடை தைத்துக் கொடுத்தவர். அந்தக் கை முதலில் அளவை மறந்தது. பிறகு ஊசியில் நூல் கோக்க மறந்தது. பிறகு வீடே அவருக்குத் தெரியாத இடம் ஆயிற்று.

மதியம் சாப்பிட்டதும், பள்ளிக்கூடம் விடும் நேரம் ஆகிவிட்டது, பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டும் என்று அக்கா கிளம்பிவிடுவார். எந்தப் பிள்ளைகள் என்று யாருக்கும் தெரியாது. செருப்புப் போடாமல், சத்தமில்லாமல் கதவைத் திறந்து போய்விடுவார். சத்தம் போட்டாலும் சாருக்குக் கேட்கப்போவதில்லை. யோசித்துப் பாருங்கள். ஒருவருக்குப் போகும் வழி மட்டும் தெரியும், திரும்பும் வழி தெரியாது. காவலிருக்கும் மற்றவருக்கோ கதவு திறக்கும் ஓசை கேட்காது. பூட்டி வைக்கச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். “பூட்டினா அவ கதவைத் தட்டித் தட்டி அழுவா. அதுவும் எனக்குக் கேக்காது. தெரியாம நான் பாட்டுக்கு உள்ள குந்திக்கினு இருப்பேன். அத என்னால நெனச்சிப் பாக்க முடியல டீச்சர்” என்றார்.

அப்படித்தான் அந்த வீட்டுக்குள் சென்சார்கள் வந்தன. மகன் கருவிகளின் பெயர்களைச் சொன்னான். இவர் வரவழைத்து, கீழே எழுத்து ஓடும் வீடியோக்களைப் பார்த்துத் தானே பொருத்தினார். வாசல் நிலையில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைப் பெட்டி, கதவில் ஒரு காந்தம். கதவு திறந்து இரண்டும் பிரிந்தால் பெட்டி சேதி அனுப்பும். வீட்டு வைஃபையோடு சேர்ந்த இன்னொரு பெட்டி அதை வாங்கி விளக்குகளுக்கும் அவர் போனுக்கும் சொல்லும். அழைப்பு மணி அடித்தால் எல்லா அறையிலும் மஞ்சள் விளக்கு. வாசல் திறந்தால் நீலம். அவர் படுத்திருந்தால் தலையணைக்கு அடியில் ஒரு வட்டு அதிரும். நிறங்களை அவர்தான் தேர்ந்தெடுத்தார். “வாசலுக்கு ஏன் சார் நீலம்?” என்று கேட்டேன். “செவப்பு வெச்சா ஒவ்வொரு வாட்டியும் பயந்துடுவேன். போறது என் பொண்டாட்டி. அவளுக்கு என்னாத்துக்குச் செவப்பு?” என்றார்.

ஆறேழு மாதம் எல்லாம் நன்றாக நடந்தது. நீலம் எரியும், சார் எழுந்து ஓடுவார், தெருமுனைக்குள் அக்காவைப் பிடித்துவிடுவார். சில நாள் கையைப் பிடித்து அப்படியே ஒரு சுற்று நடக்க வைத்துக் கூட்டிவருவார்.

பிறகு அந்த நாள் வந்தது. நான் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். சாரிடமிருந்து செய்தி. பேச்சில் எப்படி இருந்தாலும் எழுத்தில் அவர் இலக்கணத் தமிழ்தான் எழுதுவார். பதற்றத்திலும் அது மாறவில்லை. “பிலோமினாவைக் காணவில்லை. கதவு மூடியிருப்பதாகவே போன் சொல்கிறது. ஆனால் கதவு திறந்து கிடக்கிறது. நான் தெருவில் தேடுகிறேன். தயவுசெய்து எனக்காக நீங்கள் யாரிடமாவது பேசுங்கள்.”

வரிசையை விட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபடி பேசினேன். காவல் நிலையத்துக்குப் பேசினேன். சாரும் அக்காவும் போகும் பங்குக் கோயிலுக்குப் பேசினேன். திண்டிவனம் பேருந்து நிலையம் அருகே செல்போன் கடை வைத்திருக்கும் நம் பழைய மாணவன் ஒருவனுக்குப் பேசினேன். “டீச்சர், நீங்க பேஜாராவாதீங்க. கடைய மூடிட்டு நானே பஸ் பஸ்ஸா ஏறிப் பாத்துட்டுக் கூப்புடுறேன்” என்றான். பார்த்தான். செஞ்சி பஸ், பிரம்மதேசம் பஸ், பாண்டி பஸ், எதிலும் அக்கா இல்லை. ஒவ்வொன்றாக அவன் சொல்லச் சொல்ல நான் சாருக்கு எழுதிக்கொண்டே இருந்தேன். அவர் பதிலுக்கு “சரி” என்று மட்டும் எழுதினார்.

வெயில் தாழும் நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது.

“யம்மா, நீங்க யாரு பேசுறது?” என்றது ஒரு பெண் குரல். பின்னால் கடல் இரைச்சல். “இங்க மரக்காணத்தாண்ட, எங்க குப்பத்துல, ஒரு அம்மா வந்து மணல்ல குந்திக்கினு இருக்காங்க. பேர் கேட்டா சொல்ல மாட்டேன்றாங்க. கழுத்துச் செயின்ல ஒரு தகடு. அதுல உங்க நம்பர் இருக்குது.”

என் எண்தான். சாருடைய எண்ணைப் போட்டால் அழைப்பு வரும்போது அவரால் பேச முடியாது என்று அந்தத் தகட்டில் என் எண்ணைத்தான் பொறித்திருந்தார்.

“அவங்க நல்லா இருக்காங்களா?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் கீறாங்க. கேப்பைக் கூழ் குடுத்தேன், குடிச்சாங்க. புள்ளைங்க இன்னும் வரலியேன்னு கேட்டுக்கினே இருக்காங்க. நான் வுடமாட்டேன் யம்மா, கூடவே குந்திக்கினு இருக்கேன். நீங்க ஜல்தியா வாங்க.”

அந்தப் பெண்ணின் பெயர் அஞ்சலை. மீன் விற்றுவிட்டுத் திரும்பும் வழியில், மரக்காணம் பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கித் தனியாகக் கடலைப் பார்த்து நடப்பதைக் கண்டு பின்னாலேயே போயிருக்கிறார்.

நான் போய்ச் சேரும்போது சார் முன்பே வந்திருந்தார். முருகவேலின் ஆட்டோ மேலே சாலையில் நின்றது. கரையில் அக்கா கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவரை ஒட்டிச் சார். ஏதோ சின்னக் குரலில் அக்கா பேசிக்கொண்டே இருந்தார். அவர் முகம் கடலை நோக்கியிருந்தது. சார் அவர் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அக்கா திரும்பவில்லை. திரும்பாத உதட்டை எப்படிப் படிப்பது? என்னைக் கண்டதும் சார் கேட்டார், அவருக்கே தெரியாத உரத்த குரலில். “டீச்சர், என்ன சொல்றா? கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க.”

நான் அக்காவின் அருகில் குனிந்து கேட்டேன். பிறகு சாரைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன். “பிள்ளைங்க வந்துட்டாங்களான்னு கேக்குறாங்க.”

அவர் எழுந்தார். அக்காவுக்கு முன்னால் போய், அலை வந்து போகும் ஈர மணலில் மண்டியிட்டு, முகத்துக்கு நேராக முகத்தை வைத்தார். “வந்துட்டாங்க பிலோ. எல்லாரும் வந்துட்டாங்க. சாப்புடுறாங்க. வா, போலாம்.” அலை வந்து அவர் வேட்டியை நனைத்தது. அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

அடுத்த வாரம், அக்காவைப் பார்த்துக்கொள்ள ஓர் உறவுக்காரப் பெண்ணை உட்கார வைத்துவிட்டு, சார் விழுப்புரம் வந்தார். பையில் அந்த வாசல் சென்சார், ஒரு மல்டிமீட்டர், புதிதும் பழையதுமாகப் பட்டன் செல்கள். “டீச்சர், எனக்கு இது புரியணும். அன்னிக்கும் பேட்டரி முக்கால்வாசிக்கு மேல இருக்குன்னுதான் போன்ல காட்டிச்சி. அப்புறம் எப்படிச் செத்துது?”

உட்கார்ந்து பார்த்தோம். அவர் வீட்டிலிருந்த ஒவ்வொரு செல்லையும் மாதக்கணக்கில் அளந்து எழுதி வைத்திருந்தார். நான் வரைபடத் தாளில் புள்ளி வைத்தேன். கோடு வெகுதூரம் மட்டமாகப் போய், கடைசியில் திடீரென்று கீழே விழுந்தது. இந்த வகைச் செல் ஆயுளின் பெரும்பகுதியில் ஒரே அளவு மின்னழுத்தத்தைத்தான் காட்டும். அதை வைத்துத்தான் போன் சதவீதம் போடுகிறது. அதனால் முடியப்போகும் செல்லையும் அது நிறைந்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கும். சார் கோட்டைக் குனிந்து பார்த்தார். “இது சரிவு இல்ல டீச்சர், மேசை. ஓரம் வந்தா விழ வேண்டியதுதான்.” சும்மா வைத்து அளந்தால் நல்ல செல்லாகத் தெரிவது, ஒரு சின்ன பல்பை இணைத்து வேலை கொடுத்து அளந்தால் துவண்டுபோவதையும் பார்த்தோம். “ரிட்டையர் ஆன வாத்தியாருங்க மாதிரி. நாற்காலில குந்திக்கினு இருக்கறப்போ பாத்தா நல்லாத்தான் இருப்பாங்க” என்றார். அந்தக் கடற்கரை நாளுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் அவரை உண்மையில் வாட்டியது சதவீதம் அல்ல. கதவு திறந்தால் மட்டுமே சேதி அனுப்பும் பெட்டி செத்துப்போனால், அதற்கும் கதவு மூடியிருப்பதற்கும் வித்தியாசமே தெரிவதில்லை. அன்று மதியம் முழுக்க அவர் போன் “மூடியிருக்கிறது” என்றே சொல்லிக்கொண்டிருந்தது. “ஒன்னும் நடக்கலன்னாலும் சத்தம் இல்ல, செத்துப் போயிட்டாலும் சத்தம் இல்ல. ரெண்டும் ஒன்னாப் போச்சி” என்றார். நிறைய நேரம் யோசித்தோம். அந்தப் பெட்டிகள் கதவு திறக்காவிட்டாலும் அவ்வப்போது ‘இருக்கிறேன்’ என்று ஒரு சின்னச் சேதி அனுப்பும். போனின் ஓரத்தில் ‘கடைசியாகப் பேசிய நேரம்’ என்று சிறிய எழுத்தில் அது இருக்கும். நாங்கள் இருவருமே அதுவரை அதைக் கவனித்ததில்லை. சார் அன்றே ஒரு விதி போட்டார். எந்தப் பெட்டியாவது கொஞ்ச நேரத்துக்கு மேல் பேசாமல் இருந்தால் வீட்டில் ஊதா விளக்கு எரியவேண்டும். அதோடு, சதவீதம் என்ன சொன்னாலும் சரி, ஈஸ்டருக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை எல்லாச் செல்லையும் மாற்றிவிடுவது. வைஃபைக்குத் தனி இன்வர்ட்டர். பிறகு அந்த வீட்டில் நீலம் எரியாமல் அக்கா வாசலைத் தாண்டியதே இல்லை.

அதற்கு அடுத்த ஆண்டு பிலோமினா அக்கா இறந்தார். கட்டிலில், சாரின் கையைப் பிடித்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில். கடைசியாக ஏதோ சொன்னாராம். முகம் சாரைப் பார்த்துத்தான் இருந்ததாம். “என்ன சொன்னாங்க சார்?” என்று கேட்டேன். “வாசல்ல யாரோ வந்துருக்காங்க பாருங்கன்னா. நான் பாத்தேன். லைட் எரியல” என்றார்.

காரியங்களெல்லாம் முடிந்து மகனும் மஸ்கட் போன பிறகு ஒருநாள் திண்டிவனம் போனேன். கதவைத் தள்ளியதும் உள்ளே நீலம் எரிந்தது. சார் சமையலறையிலிருந்து ஏறக்குறைய ஓடிவந்தார். வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். “இன்னும் கழட்டலையா சார்?” என்றேன். “இருக்கட்டும் டீச்சர்” என்றார். “இது எரிஞ்சா யாரோ வந்துருக்காங்கன்னு அர்த்தம். கேஸ் போட வர்றவரு, கறிகாய் விக்கிற அம்மா, யாரா இருந்தாலும் நீலமாத்தான் வர்றாங்க. சில நாளு எரியறதே இல்ல. அப்போ பேட்டரியப் பாப்பேன். பேட்டரி நல்லாத்தான் இருக்கும்.”

அன்று திரும்பும்போது அவர் ஒரு கதவு சென்சாரையும் அதற்கான வைஃபைப் பெட்டியையும் என் கையில் கொடுத்தார். என் சமையலறைக் கொல்லைக் கதவில் சென்சாரை ஒட்டச் சொன்னார். காலையில் நான் அந்தக் கதவைத் திறந்தால் திண்டிவனத்தில் அவர் கட்டில் அருகே பச்சை விளக்கு எரியும்படி செய்தார். “நீங்களும் தனி ஆளு. சும்மா ஒரு லைட்டுதான். பதில் சொல்ல வேணாம், ஒன்னும் வேணாம்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. ஆனால் ஒட்டினேன். காலையில் கதவைத் திறந்ததும் வேப்பங்குச்சி ஒடிப்பேன், கோலப்பொடி டப்பாவை எடுப்பேன், அதற்குள் அவரிடமிருந்து செய்தி வந்துவிடும். “பச்சை.” அவ்வளவுதான் எழுதுவார். சில நாள் கூடவே மேகத்தின் படமோ, வரைந்த ஒரு கத்தரிக்காயோ வரும்.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்கவே முடியவில்லை, கதவு திறக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் முருகவேலின் ஆட்டோ என் வாசலில் நின்றது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் ஆட்டோ. சார் இறங்கி வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, “ஊதா வரல. அதனால பேட்டரி சாவல, நீங்கதான் எழுந்திரிக்கலன்னு தெரிஞ்சிது” என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு போய் வாசல் கதவைத் திறந்தேன். கஞ்சி வைத்துக் கொடுத்தார். உப்பே போடவில்லை. நான் சொல்லவும் இல்லை.

அவர் இறந்த செய்தி கேட்டு நான் போனபோது வீட்டு வாசல் விரியத் திறந்திருந்தது. சாவு வீட்டில் கதவை யார் மூடுவார்கள்? அதனால் கூடத்திலும் படுக்கையறையிலும் நீல விளக்கு பகல் முழுக்க எரிந்துகொண்டே இருந்தது. அதை எப்படி அணைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நான் அணைக்கவில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து சாரின் போனை எடுத்துப் பார்த்தேன். எல்லாப் பெட்டிகளும் சற்றுமுன் பேசியிருந்தன. செல்கள் எல்லாம் ஈஸ்டருக்கு மாற்றியவை. ஊதா எங்கும் இல்லை. அவர் வீட்டில் விழுந்திருந்தால் யாருக்காவது தெரியவேண்டும் என்று கூடத்திலும் குளியலறை வாசலிலும்கூட ஆள் நடமாட்டம் பார்க்கிற சென்சார் வைத்திருந்தார். அவரோ மார்க்கெட்டில், நாலு பேர் நடுவில், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு போனார். தனியாகப் போகவில்லை. அதை நினைத்து ஆறுதல் பட்டுக்கொள்கிறேன்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அந்தோணி என்னைக் கூப்பிட்டான். வீட்டை வாடகைக்கு விடவேண்டும், சென்சார்களைக் கழற்றவேண்டும், உதவி வேண்டும் என்றான். போனேன். அவன் ஸ்டூல்மேல் ஏறி ஒவ்வொன்றாகக் கழற்றி, செல்லை எடுத்துத் தனியாகவும் பெட்டியைத் தனியாகவும் வைத்தான். எல்லாச் செல்லின் முதுகிலும் மெல்லிய தூரிகையால் மாற்றிய தேதி எழுதியிருந்தது.

“ஆன்ட்டி, எல்லாம் புரியுது. இந்தப் பச்சை லைட் மட்டும் எதுக்குன்னு தெரியல. எந்த ரூம் சென்சாரோடவும் சேரல” என்றான்.

சொன்னேன். அவன் ஸ்டூலிலிருந்து இறங்கி உட்கார்ந்துவிட்டான். “நான் வேணும்னா என் போன்ல சேர்த்துக்கட்டுமா ஆன்ட்டி? மஸ்கட்ல ஒரு லைட் வெச்சிடுறேன்” என்றான்.

நல்ல பிள்ளை. மனசோடுதான் கேட்டான். ஆனால் அவனுக்கு வேலை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், காது கேட்கிற ஆயிரம் சத்தம் இருக்கிறது. இன்னொரு விளக்கு அந்த வீட்டில் ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அது யார் குற்றமும் இல்லை. “வேணாம்பா, கழட்டிடு” என்றேன். அவன் கேட்டான் என்பதே போதும் என்றிருந்தது. போதவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அன்று அந்தோணி ஒரு பை நிறைய அப்பாவின் தூரிகைகளை எடுத்துக்கொள்ளச் சொன்னான். எனக்கு வரையத் தெரியாது, வாங்கவில்லை. நான் எடுத்துக்கொண்டது வேறொன்று. பேசுகிறவர் முகத்தைப் பார்ப்பது. சொல்லி முடிக்கும்வரை பார்ப்பது, முடித்த பிறகும் ஒரு கணம் இருப்பது. அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் வாய் திறந்தால் என் முகத்தைப் பார்த்துக் கேட்க இந்த விழுப்புரத்தில் ஒருவரும் இல்லை. கடைக்காரர் தராசைப் பார்க்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் போனைப் பார்க்கிறாள். எனக்குக் கிடைக்காவிட்டால் போகட்டும், கொடுக்கவாவது செய்யலாம் என்று நினைத்தேன்.

அன்று திண்டிவனத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை, அதற்குள் வெந்நீர்க் குடுவை. நான் உட்கார்ந்ததுமே பேச ஆரம்பித்தார். மருமகளை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், தலைப்பிரசவம், வலி வந்து வந்து போகிறது, மகன் வெளியூரில் வேலைக்குப் போயிருக்கிறான், தான் தனியாக எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை. பஸ் இரைச்சலில் பாதி வார்த்தை காற்றோடு போனது. நான் திரும்பி உட்கார்ந்து அவர் உதட்டைப் பார்த்தேன். மயிலம் தாண்டியது, விக்கிரவாண்டி தாண்டியது. அவர் சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

“இன்னாங்க, என் மூஞ்சியவே பாத்துக்கினு வர்றீங்க? உங்களுக்குக் காது கேக்காதா?”

“கேக்குதும்மா” என்றேன். “நீங்க சொல்லுங்க.”